நாலேகாலுக்கு ஓர் ஆள்

வாரப் பட்டியலை நான் பென்சிலில்தான் போடுவேன்.
வேலைக்குச் சேர்ந்த புதிதில் பேனாவால் எழுதி
ஒரு நோட்டு முழுக்க அடித்தல் திருத்தலாய்ப் போனது.

திங்கள்தோறும் அலுவலகம் கேட்கும்:
செயல்பாடு என்ன, எத்தனை மணி நேரம், பயன் என்ன.
துலுக்கானத்துக்கு நான் என்ன எழுத?
மூன்றரைக்கு மாத்திரை.
நாலேகாலுக்கு விரல்களின் பூட்டுத் திறக்கும்.
ஐந்தடித்தால் மறுபடி பூட்டு.
அந்த முக்கால் மணிக்குள் அவர்
கல்மண்டபம் கேரம் கிளப்பில்
சுவரோரத்து நாற்காலியில் இருந்தாக வேண்டும்.
மதியம் மீன் கூடிவிட்டால் மருந்து மெல்ல ஏறும், நாலரை ஆகும்.
அழைத்துப் போகிற ஆள்
இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

ஜெருஷாவுக்கு வியாசர்பாடி மைதானம்.
சக்கர நாற்காலி கோட்டோரமாகவே நிற்க வேண்டும்,
கோலுக்குப் பின்னால் வலை மறைக்கிறதாம்.
நடுவரைத் திட்ட அவளுக்கு
ஒரு சொல்லுக்கு அரை நிமிடம் ஆகும்.
பக்கத்தில் நிற்பவர் முந்திக்கொண்டு
அந்தச் சொல்லை முடித்து வைக்கக் கூடாது.
இதற்காகவே மூன்று பேரை மாற்றியிருக்கிறேன்.

அன்வர்தீனுக்குக் கடல்.
முட்டியளவு போதும் என்கிறான்.
நீந்தத் தெரிந்தவர் காசிமேட்டில் தெருவுக்கு நூறு பேர்.
விடிகாலை படகேறாதவர்,
வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதவர்
எத்தனை பேர்?

பவுல்தாஸ், துறைமுகத்தில் தலையில் அடிபட்டவர்.
முகம் கழுவி, தலை சீவி, செருப்பு மாட்டி
வாசல்வரை வந்து
"இன்னிக்கு வாணாம்" என்பார்.
வந்து போன ஆளுக்குக் கூலி உண்டா என்று கேட்டார்கள்.
இரண்டு மணி நேரம் என்று எழுதினேன்.
செயல்பாடு: வேண்டாம் என்றார்.
பணம் வந்தது. எப்படி என்று நான் விசாரிக்கவில்லை.

புதன்கிழமை, மூன்று ஐம்பதுக்குப் போன்.
"மேடம், கொருக்குப்பேட்டை கேட்டு போட்டுட்டாங்க.
கூட்ஸு நிக்குது. நவுரவே மாட்டேங்குது."
தணிகைவேல் பொய் சொல்கிறவன் இல்லை,
அவனுக்குப் பின்னால் இருபது வண்டிகளின் ஹாரன்.
அடியில் பூந்து வரட்டுமா என்றான்.
வாணாம்டா என்றேன்.
கலைவாணியின் பிள்ளைக்குப் பரீட்சை.
ஷமீம் ராத்திரி ஆள், இப்போது தூக்கத்தில்.
எபிநேசர் போன மாதமே சாப்பாடு டெலிவரிக்குப் போய்விட்டான்,
அங்கே நாளுக்கு நாற்பது ரூபாய் கூட.
நோட்டை மூடிவிட்டு நானே போனேன்.

எனக்குக் கேரம் வராது.
முதல் அடியிலேயே ஸ்ட்ரைக்கர் குழிக்குள். மைனஸ்.
துலுக்கானம் சிரிக்கவில்லை,
முகம் இப்போதெல்லாம் அதற்கு இடம் தருவதில்லை.
கண்ணில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.
நாலு முப்பத்தெட்டுக்குச் சிவப்பைப் போட்டார்,
கட்டையில் இடித்துத் திரும்பி, சத்தமே இல்லாமல்.
ஃபாலோவுக்குக் குறி பார்க்கும்போது
கட்டைவிரலில் ஆரம்பித்துவிட்டது.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

ஸ்ட்ரைக்கரை என் பக்கம் தள்ளிவிட்டு
பவுடர் டப்பாவைக் கேட்டார்.
ஆடுகிற கையால் பலகை முழுக்கத் தூவினார்,
கட்டி இல்லாமல், நாலு மூலைக்கும், ஒரே சீராய்.
"இத்த ஸ்டெடி கைக்காரன் எவனாவது
போட்டுக் காட்டட்டும் பாப்பம்."

பயன் என்ற கட்டத்தில் எழுதினேன்:
சிவப்பு விழுந்தது. ஃபாலோ இல்லை.

இரவு ஒன்பதுக்கு ஜெருஷாவின் குரல் செய்தி.
நான்கு நிமிடம். முழுவதும் கேட்டேன்.
ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை ஏழு மணிக்கு மாற்றிவிட்டார்களாம்.
ரப்பரைக் காணோம்.
எச்சில் தொட்டு விரலால் அழித்தேன்.
கட்டம் கறுத்துப் போயிற்று.
அதன்மேலேயே எழுதினேன்,
தணிகை? என்று.